துரையின் தாடையில் கறுப்புப் புள்ளி

எங்கள் பணிமனையில் அவரை எல்லோரும் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பேருந்து ஓட்டும்போது அவர் ஹாரனைத் தொடுவதே அரிது. வாயே போதும். தப்பான பக்கத்தில் புகுந்து வரும் கார்க்காரனை ஜன்னல் வழியாக இரண்டு வார்த்தை கேட்டாரென்றால் அவன் வண்டி தானாகவே பின்னால் நகரும். அவருடைய பேருந்தில் நடத்துநராக இருக்கும் எனக்கு அந்தக் கோபம் பழக்கம்தான். ஆனால் ஒரு பூனையின் தாடைக்காக அவர் கொதித்த கொதிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அக்காவின் வீடு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கணவர் முன்னறையிலேயே மின்விசிறி, மிக்ஸி பழுதுபார்ப்பவர். எதற்கும் எதிர்த்துப் பேசாத மனிதர். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வெடுக்க வந்த கணவரின் தமக்கை, அதாவது ஹாரன் அக்காவின் நாத்தனார், கால் குணமான பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். நான்காவது ஆள் துரை. பால் வெள்ளையில் ஒரு கடுவன் பூனை. நடையில் அப்படி ஒரு மிடுக்கு இருந்ததால் அந்தப் பெயர்.

ஒருநாள் துரையின் தாடைக்கு அடியில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தென்பட்டன. வெள்ளைப் பூனை என்பதால் பளிச்சென்று தெரிந்தது. முதலில் கண்டுபிடித்தவர் நாத்தனார்தான்.

"பூனை மூஞ்சியப் பாரு, எவ்வளவு அழுக்கு! வீட்ல பொம்பள இருந்து கவனிச்சா இப்படி ஆகுமா? நீ பஸ்ஸக் கட்டிக்கிட்டு அழற."

இதை அவர் வீட்டுக்குள் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மாடிப்படியில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் காதுக்கு அது போய்ச் சேரும்போது அழுக்கு சொறியாக வளர்ந்திருந்தது. அவர் கதவைத் தட்டி, "குழந்தைங்க இருக்கிற இடம்மா. ஒட்டிக்கிற வியாதின்னா பூனைய எங்கயாவது விட்டுடுங்க" என்றார்.

மறுநாள் பேருந்தைக் கிளப்பும் முன்பு அக்கா என் பக்கம் திரும்பினார். "கேளுப்பா, பூனைக்குத் தாடைல ஏதோ வந்தா அதுக்கு நான் வேலைக்குப் போறதா காரணம்? அந்த நாத்தனாரோட தம்பி பகல் முழுக்க வீட்லதான் இருக்காரு. அவரை ஒருத்தராவது கேட்டாங்களா?"

நான் விசில் கொடுத்தேன்.

விடுமுறை நாளில் அக்கா துரையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். மருத்துவர் இளம்பெண். தாடைத் தோலை லேசாகச் சுரண்டி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பேனும் இல்ல, பூஞ்சையும் இல்ல. இது முகப்பரு மாதிரிதான். பூனைங்களுக்குத் தாடைல வரும். எண்ணெய்ப் பசை அடைச்சுக்கிட்டு கறுப்பாயிடும். இது யாருக்கும் ஒட்டாது. எதுல சாப்பாடு வைக்கறீங்க?"

"பிளாஸ்டிக் கிண்ணம்."

"அதத் தூக்கிப் போடுங்க. அதுல விழற கீறல்ல கிருமி தங்கும். ஸ்டீல்லயோ கண்ணாடிலயோ வைங்க, தினமும் கழுவுங்க. வெதுவெதுப்பான தண்ணில பஞ்ச நனைச்சு, கொஞ்ச நேரம் ஒத்தி எடுங்க. தேய்க்கக் கூடாது. முக்கியமா, நகத்தால கிள்ளக் கூடாது. மனுஷங்க பூசற மருந்து எதுவும் வேண்டாம், நக்கி முழுங்கிடும்."

அக்கா வீட்டுக்கு வந்து இதை அப்படியே ஒப்பித்தார். செயலாளர் வீட்டுக் கதவையும் தட்டி அவருக்கும் சொன்னார். அன்றே ஸ்டீல் கிண்ணம் வந்தது. காலையில் பணிக்குக் கிளம்பும் முன் துரையை மடியில் போட்டுப் பஞ்சால் ஒத்தினார். புள்ளிகள் மெல்ல மெல்லக் குறைந்தன. ஆனால் நாத்தனாருக்குப் பொறுமை இல்லை.

ஒரு மாலை அக்கா பணி முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது துரை வாசலுக்கு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. தாடை சிவந்து தக்காளிபோல் வீங்கியிருந்தது. கிண்ணத்தில் தீனி தொடப்படாமல் காய்ந்திருந்தது.

"யாரு தொட்டது இத?"

நாத்தனார் அசரவில்லை. "உன் பஞ்சும் தண்ணியும் எந்தக் காலத்துல வேலை செய்யறது? நான்தான் ஒவ்வொண்ணா பிதுக்கி எடுத்தேன். என் பொண்ணு அவ வீட்ல பூசற பரு க்ரீமயே வாங்கித் தடவி விட்டேன். நாளைக்குப் பாரு, பளபளன்னு இருக்கும்."

"அது கடிக்காம, பிராண்டாம எப்படி விட்டுச்சு?"

முன்னறையில் ஸ்க்ரூ டிரைவர் சத்தம் நின்றது. கணவர் மெதுவாகச் சொன்னார். "எங்க அக்கா சொன்னாங்க... நான்தான் பிடிச்சுக்கிட்டேன்."

அக்கா போட்ட சத்தத்தில் கீழ்மாடிக்காரர்கள் பால்கனிக்கு வந்துவிட்டார்களாம்.

"பிடிச்சுக்கிட்டீங்களா? டாக்டர் கிள்ளாதேன்னு சொன்னத உங்க ரெண்டு பேர் காதுலயும் விழற மாதிரிதானே சொன்னேன்? வாயில்லாத ஜீவன் கத்தியிருக்குமே, அது கூடவா கேக்கல? நான் செஞ்சா அலட்சியம், நீங்க செஞ்சா வைத்தியமா?"

பிறகு பதில் சொல்ல இடம் கொடுக்கவில்லை. துரையைக் கூடையில் வைத்தார். "அண்ணி, செருப்பப் போடுங்க. நீங்களும் வர்றீங்க" என்றார்.

"நான் எதுக்கு?"

"நான் ஏன் பதில் சொல்லணும்? செஞ்சவங்க சொல்லட்டும்."

தாடையைப் பார்த்ததும் மருத்துவரின் முகம் மாறியது. "என்ன பூசினீங்க?" என்று கேட்டபோது அக்கா வாயைத் திறக்கவில்லை. காத்திருந்த மற்ற நாய், பூனைக்காரர்கள் முன்னால் நாத்தனாரே தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. மருத்துவர் நன்றாகவே கடிந்துகொண்டார். புண்ணாகியிருந்த இடத்தைச் சுத்தம் செய்து, ஊசி போட்டு, மாத்திரையும் பூனைக்கான கிருமிநாசினியும் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் நாத்தனார் வாயே திறக்கவில்லை. அந்த வீட்டு வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை என்று அக்கா சொன்னார்.

பூனையைப் பிடித்துக்கொள்ளும் வேலை கணவருக்கே நிரந்தரமானது, இந்த முறை சரியான காரியத்துக்கு. மாத்திரையை மீன் துண்டுக்குள் ஒளித்துக் கொடுப்பதற்கும் அவரே பழகிக்கொண்டார். வீக்கம் வடிந்தது, துரை மறுபடி மிடுக்காக நடந்தது. எப்போதாவது இரண்டொரு புள்ளி எட்டிப் பார்க்கும். பஞ்சு வைத்ததும் போய்விடும்.

கதை இங்கே முடிந்திருந்தால் அக்காவின் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். போன வாரம் அவர் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும்போது மேலே நாத்தனாரின் குரல். செயலாளரின் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் கவனிக்கப் போய்தான் பொழச்சுது. இல்லன்னா இவளுக்கு எங்க நேரம்?"

"ஏதாவது கேட்டீங்களா அக்கா?" என்றேன், மறுநாள் பேருந்தில் அவர் இதைச் சொன்னபோது.

"கேக்கறதுக்குத்தான் வாயத் தொறந்தேன்ப்பா. பார்த்தா, துரை அவ மடியிலயே தாடையத் தூக்கிக் காட்டிக்கிட்டுப் படுத்திருக்கான், அவ சொறிஞ்சு விட்டுட்டிருக்கா. கண்ண மூடிக்கிட்டு அப்படி ஒரு சுகம்! இவனுக்காக நான் ஊரோடயே சண்டை போட்டேன், இவனுக்கு ரோஷம்னு ஒண்ணு இருக்கா சொல்லு?"

பதிலுக்குக் காத்திராமல் கியரை ஒரு இழுப்பு இழுத்தார்.