கௌடும் வழியை வகுத்தவள்

மக்ரீட்டா என் சித்தி மகள். ஞானஸ்நானப் பதிவில் உள்ள பெயர் அது. நாங்கள் கூப்பிட்டது கிரீட்டா என்று. ரெஹோபோத்தில் வீடு, தலைநகர் விண்ட்ஹுக்கில் வேலை. காலையில் பங்கு டாக்சியில் வடக்கே எண்பத்தேழு கிலோமீட்டர், மாலையில் அதே தூரம் தெற்கே. சுற்றுலாக்காரர்களுக்குப் பாலைவன ஜீப்புகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தின் ஷெட்டில் இருபத்தோரு ஆண்டுகள் அவள் பார்த்த வேலை, வண்டியை ஒப்படைப்பது.

கேட்பதற்கு எளிய வேலை. விமானத்திலிருந்து தூக்கக் கலக்கத்தோடு வந்து சேரும் ஜெர்மானியர்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் ஒன்றரை மணி நேரம் வண்டியைப் பழக்க வேண்டும். கூரைமேல் மடிந்து கிடக்கும் கூடாரத்தை எப்படி விரிப்பது, இரண்டு மாற்றுச் சக்கரங்களில் எதை முதலில் கழற்றுவது, மணலில் ஜாக்கி வைக்கும்போது அடியில் எந்தப் பலகையை இடுவது, தார்ச்சாலையில் டயருக்கு எவ்வளவு காற்று, சரளையில் எவ்வளவு, ஆழ்மணலில் எவ்வளவு என்று ஒன்று விடாமல் சொல்லி, சொன்னதைத் திரும்பச் சொல்லவும் வைப்பாள். பிறகு வரைபடத்தை விரித்துச் சிவப்புப் பென்சிலால் அவர்களுடைய வழியைக் கோடிடுவாள். அவள் தூரத்தைக் கிலோமீட்டரில் பார்ப்பதில்லை.

“நூத்தி எண்பது கிலோமீட்டர்தானே? ரெண்டு மணி நேரத்துல போயிடலாமே,” என்பார் வந்தவர்.

“ரெண்டு மணி நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். கூடாரத்துக்குப் போகணும்னா நாலு மணி நேரம் வேணும்,” என்பாள் கிரீட்டா.

மூன்று வாரம் கழித்து அவர்கள் காதுமடலில் புழுதியோடு திரும்பி வருவார்கள். வண்டியின் கீறல்களை அவள் குறித்துக்கொண்டிருக்கையில் பின்னாலேயே நின்று பேசுவார்கள். அதிகம் பேசியது வடகிழக்கில் இருக்கும் கௌடும் காட்டைப் பற்றி. வேலி கிடையாது, கடை கிடையாது, வண்டித்தடம் முழுக்க ஆழ்மணல், நீர்க்குட்டையில் நூறு யானை. “நீங்க பாத்திருப்பீங்களே?” என்று கேட்பார்கள். “வழி எனக்கு நல்லாத் தெரியும்,” என்பது அவளுடைய வழக்கமான பதில். அதில் பொய் இல்லை. 2015இல் பெல்ஜியத்து முதியவர் ஒருவர் மட்டும் விடவில்லை. “வழி தெரியுமான்னு கேக்கலைம்மா, போனீங்களான்னு கேட்டேன்,” என்றார். போனதில்லை என்று ஒப்புக்கொண்டாள். வடக்கே எடோஷா வனவிலங்குப் பூங்காவின் தெற்கு வாசலுக்கு அப்பால் அவள் கால் வைத்ததே இல்லை.

“அவர் ஒண்ணும் தப்பாப் பேசல அண்ணே,” என்று அடுத்த ஞாயிறு என்னிடம் சொன்னாள். “ஆனா, சமையல் புஸ்தகம் எழுதறவ அதுல ஒண்ணைக்கூட தின்னு பாத்ததில்லைன்னா எப்படிப் பாப்பாங்க? அப்படிப் பாத்தார் என்னை.”

அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓட்டுநர் இருக்கையில் தானே உட்கார்ந்து கௌடுமைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். வாழ்க்கையில் வேறு எதையும் அவள் அப்படி விரும்பிக் கேட்டதாக என் நினைவில் இல்லை.

பதினான்கு மாதம் திட்டமிட்டாள். பதினாறு நாள் பயணம். சோசுஸ்ஃப்ளெய் மணல்மேடுகள், கடற்கரை, எடோஷா, கடைசியில் கௌடும். நாளுக்கு ஒரு தாள். ஒவ்வொன்றின் மேலும் எத்தனை மணிக்குள் முகாம் சேர வேண்டும் என்ற குறிப்பு. ஷெட்டின் உரிமையாளர் ஹெல்கா, பழைய ஜீப்புகளில் ஏழாம் எண்ணை 2017 ஆகஸ்ட் பயணத்துக்கென்று அவளுக்கு ஒதுக்கி வைத்தார். கிரீட்டா வேலை முடிந்தபின் அதன் கதவு ரப்பர்களை மாற்றினாள், கூடாரத்தின் கிழிசலைத் தைத்தாள், நல்ல டயர்களாகத் தேடி மாட்டினாள்.

ஆனால் கௌடுமுக்குள் ஒற்றை வண்டியை விடமாட்டார்கள். ஒன்று மணலில் புதைந்தால் இழுக்க இன்னொன்று வேண்டும். குறைந்தது இரண்டு என்பது விதி. இரண்டாவது வண்டி அவள் தம்பி எர்வினுடையது. அவளைவிடப் பதினோரு வயது இளையவன். ரெஹோபோத்தில் ஒரு கட்டடப் பொருள் கடையில் மேற்பார்வையாளர். அவனுடைய லேண்ட் க்ரூஸர் எங்கள் உறவிலேயே வலுவான வண்டி.

2017 ஏப்ரலில் ஒரு ஞாயிறு, ஆலயம் முடிந்து எர்வின் வீட்டு முற்றத்தில் கறி சுட்டுக்கொண்டிருந்தோம். கிரீட்டா வண்டியின் பானட்டின்மேல் வரைபடத்தை விரித்திருந்தாள்.

“பதினாறு நாளா?” என்றான் எர்வின். “அக்கா, பைபிள்ல வனாந்தரத்துல நாப்பது வருஷம் அலைஞ்சாங்களே, அவங்க உனக்குச் சொந்தமா?”

“அவங்ககிட்ட வரைபடம் இல்ல. என்கிட்ட இருக்கு. நீ நெருப்பைப் பாரு, கறி கருகுது.”

“பதினாலாம் நாள் ‘கறி முழுசும் தீர்க்கணும்’னு போட்டிருக்கே, எதுக்கு?”

“கால்நடை நோய்த் தடுப்பு வேலிக்கு வடக்க வாங்கின பச்சைக்கறியைத் தெற்க விடமாட்டான்ல? இருக்கறதை அன்னிக்கே சுட்டுத் தின்னுடணும்.”

“இதை மொதல்லயே சொல்லக்கூடாதா? மொத்தத் திட்டத்துலயும் உருப்படியான பக்கம் இதுதான்.”

முன்வண்டி அவனுடையது என்று முடிவாயிற்று. முன்வண்டிக்காரன் ஒவ்வொரு பிரிவிலும் நின்று, பின்வண்டியின் புழுதி கண்ணில் பட்ட பிறகே கிளம்ப வேண்டும். அனுமதியும் முகாம் பதிவும் முன்வண்டிக்காரன் பெயரில் இருக்கும். இது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் வாடிக்கையாளர்களிடம் கிரீட்டா வேறுவிதமாகச் சொல்வாள்: ஓட்டுகிற எல்லாருடைய பெயரையும் பதிவில் எழுதுங்கள், நண்பர்களானாலும் எழுதுங்கள் என்று. தன் விஷயத்தில் எர்வின் பெயரை மட்டும் எழுதினாள்.

“உன் பேரும் இருக்கட்டுமே,” என்றேன்.

“தம்பிகிட்டயா கையெழுத்து வாங்கச் சொல்றீங்க அண்ணே?” என்று சிரித்தாள். எர்வினும் சிரித்தான். படித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுடைய தாள்களை வாங்கிப்போய்க் கடையில் நகல் எடுத்துக்கொண்டான்.

ஜூன் இரண்டாம் வாரம் அவளைத் தொலைபேசியில் அழைத்தான்.

“அக்கா, கியர் பாக்ஸ் போயிடுச்சு. சாமான் வெளிநாட்டுலேர்ந்து வரணுமாம். இந்த வருஷம் ஆகாதுக்கா.”

“எங்க ஷெட் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரட்டுமாடா? அவர் கை வெச்சா—”

“வேணாம் வேணாம், பிரிச்சுப் போட்டாச்சு. பதிவை நானே ரத்து பண்ணிடறேன். என் பேர்லதானே இருக்கு.”

அவள் விடுப்பை ரத்து செய்தாள். ஏழாம் எண் வண்டியின் சாவியை ஹெல்காவிடம் திருப்பிக் கொடுத்தாள். வாடிக்கையாளர் வண்டியின் சக்கர ஆணிகளை இரண்டு முறை திருகிப் பார்க்கிறவள், தம்பி சொன்னதை ஒரு முறைகூடச் சரிபார்க்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு எர்வினுடைய வண்டி ஆலயத்தின் முன் நின்றது. சுற்றுலாக் காலமாதலால் கிரீட்டாவுக்கு அன்று வேலை, அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஊருக்குள் ஓடும் அளவுக்கு ஏதோ சரிசெய்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவளிடம் சொல்லாமல் விட்டேன். குடும்பப் பதிவேட்டில் மற்றவர்கள் செய்ததை எழுதுகிறவன் இதையும் எழுதியாக வேண்டும்.

ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் கிரீட்டாவுக்கு ஓய்வு. அன்று மாற்று ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் ஹெல்கா அவளை அழைத்தார். பத்து மணிக்கு ஒரு வண்டியை ஒப்படைக்க வேண்டும். வண்டி எண் ஏழு. வாடகைக்கு எடுத்தவர் நோர்ட்மன் என்ற பெரியவர், உடன் அவர் மனைவி. நல்ல மனிதர், சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டார். கூடாரத்தில் அவள் தைத்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, தையல் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாராம். ஒன்றரை மணி நேரம் முடிந்து, படிவத்தில் கையெழுத்தாகி, அவள் வரைபடத்தை எடுத்தாள்.

“அது வேண்டாம்மா, எங்ககிட்ட திட்டமே இருக்கு,” என்று நோர்ட்மன் ஒரு கோப்பைத் திறந்து நீட்டினார்.

தாள்கள் நகல்; கையெழுத்து அவளுடையது. நாளுக்கு ஒரு தாள், மேலே முகாம் சேர வேண்டிய நேரம். ஏப்ரலில் முற்றத்தில் வைத்தபோது காப்பிக் கோப்பையின் அடி பட்ட வட்டம்கூட முதல் தாளில் மங்கலாக விழுந்திருந்தது.

“எங்க கடை மேற்பார்வையாளர் எர்வின் போட்டது,” என்றார் நோர்ட்மன். “பதினாலு மாசம் உக்காந்து போட்டானாம். பிரமாதமான பையன். அவன் அக்கா வர்றதா இருந்தாங்களாம், உடம்பு முடியலைன்னு நின்னுட்டாங்களாம். இடம் சும்மா போகுதேன்னு எங்களைக் கூப்பிட்டான். பாவம், அந்தம்மாவுக்கு எப்படி இருக்கோ.”

“இப்ப பரவாயில்ல,” என்றாள் கிரீட்டா. “எந்திரிச்சு நடமாடறாங்க.”

ஹெல்கா அலுவலகக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரீட்டா பன்னிரண்டாம் தாளைப் பிரித்து, பென்சிலைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றாள் என்கிறார். அந்தத் தாளில் இருந்தது ஒரு வரி: ‘ட்சும்க்வேயில் டீசல் நிரப்பவும்.’ கௌடுமுக்கு முன்னால் கடைசி ஊர் அது. ஜூலையில் அங்கிருந்து திரும்பிய ஓட்டுநர் ஒருவர், அங்கே டீசல் தீர்ந்துபோய் லாரி எப்போது வரும் என்றே தெரியவில்லை என்று சொல்லியிருந்தார். இனி போகப்போவதில்லை என்றான பிறகும் கிரீட்டா தன் தாளில் அந்த வரியை அடித்துத் திருத்தி வைத்திருந்தாள். நகல் எடுக்கப்பட்டது ஏப்ரலில். அதில் திருத்தம் இல்லை. ஆழ்மணலில் வண்டி டீசலை இரு மடங்கு குடிக்கும். சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. வழி வகுத்துத் தருவது வேண்டாம் என்று வாடிக்கையாளரே சொல்லிவிட்டார்.

அவள் அந்த வரியை அடித்தாள். அதற்கு முன்னால் வரும் பெரிய ஊரைக் குறித்து, ‘க்ரூட்ஃபொன்டெய்னிலேயே முழுதும் நிரப்பவும், நான்கு கேன் கூடுதல்’ என்று எழுதினாள். பண்டக அறையிலிருந்து நான்கு கேன்களைத் தானே தூக்கிவந்து ஏழாம் எண்ணின் கூரையில் வார் போட்டு இறுக்கினாள்.

எர்வின் தன் வண்டியோடு வெளிவாசலில் காத்திருந்தான். உள்ளே வரவில்லை. கேட்டைத் திறக்க வந்தது கிரீட்டா.

“அக்கா!” என்றான். “சனிக்கிழமை உனக்கு லீவாச்சே?”

அவன் முதலில் சொன்னது இதுதான். ‘என்னை மன்னிச்சுடு’ என்று சொன்னதாக இன்றும் அவன் சொல்கிறான். வாயில்காவலரும், பின்னாலேயே வந்திருந்த ஹெல்காவும் கேட்டது லீவைப் பற்றியதைத்தான். இருவரையும் தனித்தனியே விசாரித்தேன்.

“கியர் பாக்ஸ் எப்படி இருக்கு?” என்றாள் கிரீட்டா.

“கேளுக்கா. செப்டம்பர்ல கிளை மேலாளர் வேலை காலியாகுது. முதலாளியே வாய்விட்டுக் கேட்டார், கௌடும் பாக்கணும்னு. நான் என்ன பண்ணட்டும்? நீ புரிஞ்சுப்பேன்னு நெனச்சேன்.”

“என்னைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா. திட்டத்தையும் குடுத்திருப்பேன், வண்டியையும் குடுத்திருப்பேன். நீ கேக்கல. என்னை நோயாளியாக்கிப் படுக்கையில போட்டுட்டே.”

“அடுத்த வருஷம் சத்தியமா நாம ரெண்டு பேரும்—”

“பன்னெண்டாம் தாள்ல டீசலை மாத்தி எழுதியிருக்கேன். உன் வண்டிக்கும் ரெண்டு கேன் வாங்கிக்கோ.”

ஏழாம் எண் வெளியே வந்தது. நோர்ட்மனின் மனைவி கையசைத்தார். கிரீட்டா கேட்டை மூடிவிட்டு, அன்றைய அடுத்த வண்டியைக் கழுவப் போனாள்.

ட்சும்க்வேயில் டீசல் இல்லை. கேன்களில் இருந்ததைக் கொண்டுதான் கௌடுமைக் கடந்தார்கள். இதை எர்வின் அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லார் முன்னும் தன் முன்யோசனையாகச் சொன்னான். செப்டம்பரில் கிளை மேலாளராகியிருந்தான். நீர்க்குட்டை யானைகளோடு நிற்கும் புகைப்படம் ஒன்றை என்னிடம் கொடுத்து, குடும்பப் பதிவேட்டில் ஒட்டி, ‘எங்கள் குடும்பத்தில் கௌடுமை முதலில் கடந்தவர்’ என்று எழுதச் சொன்னான். கிரீட்டா அதே மேசையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளிடம் போனேன். படத்துக்குக் கீழே, வழியை வகுத்தவள் மக்ரீட்டா என்று சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டேன்.

“அவன் கடந்தது உண்மைதானே அண்ணே, அதை எழுதுங்க,” என்றாள். “போகாதவ பேரு அங்க எதுக்கு? என்னைப் பாவம்னு எழுதப்போறீங்க, அவ்வளவுதானே?”

ஜூனில் ஆலயத்தின் முன் நின்ற எர்வினுடைய வண்டியைப் பற்றி அப்போதுதான் அவளிடம் சொன்னேன். “நீங்களுமா?” என்று மட்டும் கேட்டாள்.

ஹெல்கா அடுத்த ஆண்டும் வண்டி தருவதாகச் சொன்னார். இரண்டாம் வண்டிக்கு யாரையும் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. ஓய்வு பெறும்வரை கௌடுமுக்கு எத்தனையோ பேரை வழியனுப்பினாள், தான் போகவில்லை.

2018 மார்ச்சில், ஞானஸ்நானச் சான்றுகளைச் சரிபார்க்க அவள் என் வீட்டுக்கு வந்திருந்தபோது எர்வின் அழைத்தான். கையில் காகிதங்கள் இருந்ததால் தொலைபேசியை மேசைமேல் ஒலிபெருக்கியில் வைத்தாள்.

“அக்கா, இந்தத் தடவை வடமேற்கு, காவோகோவெல்ட். பன்னெண்டு நாள், நாலு வண்டி. நோர்ட்மன் சாரே சொல்லிட்டார், போன வருஷம் மாதிரியே திட்டம் வேணும்னு. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

“ஷெட்டுக்கு வாங்க,” என்றாள் கிரீட்டா. “திட்டம் போடறது திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், எட்டு மணிக்குத் திறப்போம். ஓட்டறவங்க எல்லார் பேரும், அடையாள அட்டை எண்ணும் எழுதிக் கொண்டு வாங்க.”

“அக்கா, நான் எர்வின் பேசறேன்.”

“தெரியுது,” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

எட்டு மணிக்குத் திறக்கும் ஷெட் வாசலுக்கு எர்வின் வரவேயில்லை. காவோகோவெல்டுக்கு அவர்கள் வேறொரு நிறுவனத்தின் வழிகாட்டியோடு போனதாகக் கேள்விப்பட்டேன். அதன் தேதி என்னிடம் இல்லை.