இதோ இருக்கிற கவரைப்பேட்டைக்கு

எழுபதுகளின் நடுவில் என் கணவரும் அவருடைய அண்ணனும் கூட்டாகச் சேர்ந்து, பழைய சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கினார்கள். வாங்கிய நாளிலிருந்தே அதற்கு பிரேக் சரியில்லை. அந்த வருடம் நாற்று முற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பாதி உழவில் நின்றுவிட்டது. கவரைப்பேட்டையில் இருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

"மாட்ட கட்டி இஸ்துகினு போய்டலாம். தோ இருக்குது கவரப்பேட்ட," என்றார் அண்ணன்.

மாடுகள் என்னுடையவை. என் அம்மா வீட்டில் கொடுத்த ஜோடி.

"வேணாம் மாமா. பிரேக் புடிக்கல. ஏரிக்கரை எறக்கத்துல வண்டி மாட்டு மேல ஏறிடும். லாரில ஏத்தி, சங்கிலி போட்டு எடுத்துகினு போங்க."

"தோ இருக்கற ஊருக்கு லாரியா? கேக்கறவன் சிரிப்பான்மா."

கணவரைப் பார்த்தேன். அவர் அண்ணன் எதிரில் வாய் திறந்ததே இல்லை. குனிந்து கயிறு தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் உட்கார மனம் வராமல் பின்னாலேயே நடந்தேன்.

சமதரையில் ஒன்றும் ஆகவில்லை. ஏரிக்கரையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவில், டிராக்டர் தானாக உருளத் தொடங்கியது. மேலே உட்கார்ந்திருந்த கணவர் பிரேக்கை அழுத்த அழுத்த அது அடிவரை போனதே தவிர வண்டி நிற்கவில்லை. கயிறு தொய்ந்தது. முன்சக்கரம் ஒரு மாட்டின் பின்னங்காலில் இடிக்க, மாடு மண்டியிட்டு விழுந்தது. மாடுகளை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் பக்கத்துச் சேற்றுப் பள்ளத்தில் குதித்தார். கணவர் ஸ்டியரிங்கை ஒடித்துக் கரை மண்ணில் முட்டவிட்டதால்தான் மாடு பிழைத்தது. அவரும்தான்.

நான் ஓடிப்போய் இரண்டு மாடுகளையும் அவிழ்த்தேன்.

"மாட்ட அவுத்துட்டா வண்டி தானா போவுமா?" அண்ணன் சேற்றிலிருந்து எழுந்தபடியே கேட்டார்.

"நிக்கட்டும் மாமா. நீங்களும் பக்கத்துலயே நில்லுங்க." கணவரிடம் திரும்பினேன். "நீங்க போய் லாரி கூட்டிகினு வாங்க." அன்றுதான் முதல்முறையாக, அண்ணன் என்ன சொல்வாரோ என்று முகத்தைப் பார்க்காமல் கணவர் நடந்து போனார்.

செங்கல் ஏற்றும் லாரி ஒன்று ஆட்களோடு வந்தது. கரையை வெட்டியிருந்த இடத்தில், பின்புறம் மேட்டோடு ஒட்டும்படி டிரைவர் அதை நிறுத்தினார். இடைவெளியில் பலகை போட்டு, பின்னால் கயிறு கட்டி ஆட்கள் பிடித்துக்கொள்ள, டிராக்டரை மெல்ல உள்ளே தள்ளினார்கள். கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சங்கிலியால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார் டிரைவர்.

"இவ்ளோ கட்டறதுக்கு இது இன்னா யானையா?" என்றார் அண்ணன்.

"யானன்னா சொன்னா நிக்கும் நைனா. இது உருளும்," என்றார் டிரைவர்.

நான் மாடுகளை மெல்ல வீட்டுக்கு ஓட்டி வந்தேன். சாயங்காலம், வீங்கிய காலுக்குப் புளியும் உப்பும் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தபோது கணவர் வந்து நின்றார்.

"வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு."

"இன்னாவாம்?"

"டீசல் பில்டர்ல அழுக்கு. கழுவிப் போட்டாரு." கொஞ்சம் தயங்கினார். "சொல்லி அனுப்பியிருந்தா சைக்கிள்ல நானே வந்திருப்பேனேன்னு மெக்கானிக் சொன்னாரு."

கையில் இருந்த புளிக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தேன். அவரைத் திட்டுவதா, என்னையே திட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. மெக்கானிக்கை வரச் சொல்லலாம் என்று எனக்கும்தானே தோன்றவில்லை? மாட்டின் காலைத் தடவியபடியே இருந்தேன். அது நெடுநாள் நொண்டியது. பிரேக்கையும் சரிசெய்து வண்டி வருவதற்குள் நாற்று முற்றிப்போய்விட்டது; அப்படியேதான் நட்டோம். விளைச்சலும் அப்படித்தான் இருந்தது.

பிறகு உறவில் ஒரு கல்யாணம். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். பந்தியில் அண்ணன் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வது காதில் விழுந்தது: "மாடு வேணாம், லாரி வெச்சிடலாம்னு நான்தான் சொன்னேன்."

சாம்பார் வாளியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.