அண்ணன் தவறவிடாத சனிக்கிழமை

மூன்று வருஷத்துக்கு முன்பு, அருமனைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

எனக்கு அப்பா இல்லை. லோடு வண்டி ஓட்டிய அண்ணன்தான் வீட்டைத் தாங்கினார். முதுகு வலிக்கு வாங்கிய மாத்திரை மெல்ல மெல்லப் போதையாகி, ரெண்டு வருஷம் எங்களை ஆட்டி வைத்தது. அப்புறம் நாகர்கோவிலில் ஒரு மையத்தில் கவுன்சலிங்குக்குச் சேர்ந்தார். வீட்டில் ஒருத்தர் பொறுப்பேற்கணும் என்றார்கள். அம்மா வெட்கப்பட்டு மறுத்துவிட, நான் கையெழுத்துப் போட்டேன். தினமும் காலையில் டாக்டர் தந்த மருந்தை என் கண் முன்னால் விழுங்குவார். "எனக்க பாக்கெட்டையும் பாத்துக்கோ மக்கா" என்று அவரே சட்டையைக் கழற்றித் தருவார். ஒரு சனி விட்டு ஒரு சனி என்னையும் கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போகணும். பேசுவார்கள், சிறுநீர் பரிசோதனையும் உண்டு. பதினாலு மாசத்தில் ஒரு தடவைகூட அவர் தவறவிட்டதில்லை.

அப்போதுதான் எனக்குக் கோட்டாறிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. அண்ணன் விஷயம் மூச்சு விடக் கூடாது என்று அம்மா எங்களிடம் சத்தியம் வாங்காத குறை. மாப்பிள்ளை வீட்டார் வந்து எல்லாம் பேசி முடித்து, நிச்சயத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையைக் குறித்தார்கள். அது அண்ணன் மையத்துக்குப் போக வேண்டிய நாள். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா என்று அண்ணன் தயங்கிக் கேட்டார். தங்கச்சி நிச்சயத்தைவிட அன்றைக்கு அப்படி என்ன வேலை என்று மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். வண்டி விஷயமாக எங்கேயோ போகணும் என்று அம்மா அவசரமாகச் சமாளித்தாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"இல்ல மாமா. நான் போதை மாத்திரைக்கு அடிமையா கெடந்தவன். இப்போ தொடுறதில்ல. அன்னைக்கு எனக்கு கவுன்சலிங் உண்டு. ஒரு நாள் விட்டா, அடுத்த நாளும் விடத் தோணும். அதான் பயம்."

வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஜாதகம் சரியில்லை என்று ரெண்டு நாளில் தரகர் போன் பண்ணினார்.

அண்ணன் உடைந்துபோய் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "நீ பொய் சொல்லியிருந்தாத்தான் எனக்கு சங்கடம் அண்ணா" என்றேன். மனசறிந்துதான் சொன்னேன். அம்மாதான் நாலு நாள் எங்கள் ரெண்டு பேரிடமும் முகம் கொடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் கிளம்பும்போது அம்மா நல்ல சேலை உடுத்தி வாசலில் நின்றாள். நானும் வாறேன் என்றாள். அவ்வளவுதான். மையத்தில் கவுன்சலர் இது யார் என்று கேட்டபோது, "இவனுக்க அம்மை" என்று நிமிர்ந்து சொன்னாள். அண்ணன் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறு வருஷம் எனக்கு வேறிடத்தில் கல்யாணமானது. அந்த வீட்டில் முதல் பேச்சிலேயே அண்ணனைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். சொல்லும்போது, இப்படி ஒருத்தர் கூடப் பிறந்திருக்கிறார் என்ற கர்வம்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.