மிஸ்ரு தேசத்து நீர்க்குடம்

பிர்அவ்னை எங்களுக்கு மதரஸாவில்தான் தெரியும். மூசா நபியைத் துரத்திப் போய்க் கடலில் மூழ்கிய கெட்ட ராஜா. அந்த ராஜாவின் மிஸ்ரு தேசத்தில், அதாவது எகிப்தில், மலை மலையாய்க் கல்லறைகள் நிற்கின்றன, சிங்க உடம்பும் மனித முகமுமாய் ஒரு சிலை மணலில் படுத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு கப்பலிலிருந்து வந்து சேர்ந்தார் என் மாமா. உம்மாவின் தம்பி, சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஊரில் அவர் பேச்சை யாரும் நம்புவதில்லை.

நான் நம்பினேன். மாமாவிடம் ஒரு கட்டுப் படங்கள் இருந்தன. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பாயில் பரப்புவார். நானும் அவரும் குனிந்து பிரமிடுக்குள் நுழைவோம். ராஜாக்களின் கல்லறைச் சுவர்களைச் சுற்றி வருவோம். ஒரு படத்தை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பிரம்மாண்டமான சிலையொன்றைச் சறுக்குப் பலகையில் ஏற்றி, வரிசை வரிசையாக ஆட்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். சிலையின் காலடியில் நிற்கும் ஒருவன் குடத்திலிருந்து தரையில் நீர் ஊற்றுகிறான்.

“எதுக்கு மாமா ஊத்துறான்?”

“அவுக சாமிக்கு ஏதோ சடங்கு, புள்ள.”

சடங்கென்றால் சிலை மேலல்லவா ஊற்றுவான்? இவன் மணலில் ஊற்றினான்.

அந்த வருடம் எனக்கு மூத்தவளான லாத்தாவின் நிக்காஹுக்காக வாப்பா கடலோரமாய்ப் புது வீடு கட்டினார். வாசல்படிக்குக் கருங்கல் ஏற்றிவந்த மாட்டுவண்டி, சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. கல்லைப் பலகையில் இறக்கி, வடம் கட்டி, தெருவே சேர்ந்து இழுத்தது. முன்னால் மணல் குவிந்ததே தவிர கல் அசையவில்லை. பரமக்குடிக் கொத்தனார் கரண்டியைப் பையில் போட்டார்.

“சாயங்கால பஸ்ஸுக்குப் போனா, பெருநா கழிச்சுத்தான் வாரேன்.”

நிக்காஹ் பெருநாளுக்கு முன்னால். மாப்பிள்ளை வீட்டார் படியில்லாத வாசலிலா நுழைவார்கள்? நான் வாப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“வாப்பா, மணல்ல தண்ணி ஊத்துவோம்!”

“உள்ள போ, புள்ள.”

“மச்சான், ஒரு தடவ அவ சொல்றதத்தான் செஞ்சு பாப்பமே” என்றார் மாமா.

குடங்கள் வந்தன. பலகைக்கு முன்னால் நான் ஊற்றினேன். முதலில் கொட்டியது அதிகமாகி மணல் குழைந்தது, யாரோ சிரித்தார்கள். அள்ளி அள்ளித் தெளித்தேன். அலை நனைத்த கரைபோல மணல் இறுகியது. இழுத்தார்கள். கல் அவ்வளவு சுளுவாய் வந்ததில் முன்வரிசை ஆட்கள் தடுமாறிப் போனார்கள். அப்புறம் கல் நிற்கவேயில்லை. கதவு மறைவில் இருந்த பெண்களெல்லாம் குடத்தோடு வெளியே வந்துவிட்டார்கள். உம்மா குரவையிட்டாள். புது வாசலில் கல் போய்ச் சேர்ந்தபோது வாப்பா என்னைத் தூக்கிப் படிக்கல்லின் மேலேயே நிறுத்தினார். ஊரே என்னைப் பார்த்தது. பிர்அவ்னுக்குக்கூட அந்த மிடுக்கு இருந்திருக்காது.

கொத்தனார் பையைக் கீழே வைத்துவிட்டு மாமாவிடம் போனார்.

“இதெல்லாம் அங்கன போயி நேர்ல பாத்தீகளா?”

மாமா என் தலையில் கை வைத்தார். “இவ பாத்துட்டாள்ல. அது போதும்.”

என்னைப் புகழ்கிறார் என்று நான் இன்னும் நிமிர்ந்து நின்றேன். மாமாவின் கப்பல் சூயஸ் கால்வாயில் ஊர்ந்து போனபோது சமையல்கட்டு ஆட்களைக் கரையிறங்க விடவில்லை என்பதோ, கப்பலோரம் படகில் வந்து கூவியவனிடம் அவர் அந்தப் படங்களை வாங்கினார் என்பதோ, அங்கிருந்து பார்த்தால் பிரமிடின் நுனிகூடத் தெரியாது என்பதோ அன்று எனக்குத் தெரியாது.