சன்னலைத் திறந்த பதிவறை

சண்முகவள்ளியக்காவை நகராட்சிப் பதிவறைக்கு மாற்றியது தண்டனையாகத்தான். வரிப்பிரிவில் இருந்தபோது எல்லோரோடும் சண்டை போட்டாராம். உச்சிப்புளிப் பக்கம் மிளகாய் விதைக்கிற வீட்டுப் பெண், காரத்துக்குக் குறைவில்லை. வந்ததும் வாசலில் தொங்கிய ‘அனுமதி இல்லை’ பலகையைக் கழற்றிப் போட்டார். யார் கேட்டாலும் பழைய வரைபடங்களை எடுத்துக் காட்டுவார். “பூட்டி வைக்க இது என்ன நகையா?” என்பார்.

ஊர் ஊராகச் சுற்றித் திரும்பிய நான், ஒரு சான்றிதழ் வாங்கப் போய் அவருக்குக் கையாளாகிவிட்டேன். அங்கே ஆவணங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வேலை நடக்கிறது.

அன்று எடுத்தது சங்குக்காரத் தெரு மழைநீர் வாய்க்காலின் வரைபடம். மண் மூடிப்போன வாய்க்காலைத் தோண்ட மறுநாள் இயந்திரம் வருகிறது. எங்கே தோண்டுவது என்று சொல்ல இந்தப் படம் ஒன்றுதான் உண்டு. ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து தவிக்கும் மெஹருன்னிசா, காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

சுருள் விரியவில்லை. லேசாக இழுத்தாலே ஓரம் நொறுங்கியது.

“கிழிஞ்சா என்னையத்தான் கேப்பாங்க. நான் தொடமாட்டேன்,” என்று ஸ்கேன் செய்யும் பிரபு கையை எடுத்துக்கொண்டான்.

அக்கா வாடிப்போனார். உப்புக்காற்றில் படங்கள் கெட்டுவிடுமென்று பயந்து சன்னல்களை அடைத்து, மன்றாடி ஏசி வாங்கி வைத்தவர் அவர்தான்.

“இந்த ஏசியில மனுசி இருப்பாளா? ஒதடு வெடிச்சுப் போச்சு. சன்னலத் தொறங்கக்கா!” என்றார் மெஹருன்னிசா.

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். “ஏலே பிரபு, ஏசிய அமத்து! இந்தப் படத்துக்கும் ஒதடு வெடிச்சுத்தாம்லே கெடக்கு!”

சன்னல்களைத் திறந்ததும் கடற்காற்று ஈரமாக உள்ளே வந்தது. மதியத்துக்கு மேல் சுருள் இளகத் தொடங்கியது. மெஹருன்னிசா எதிரேயிருந்த தம்பியின் வலைக்கடைக்கு ஓடி, வலை மிதக்காமலிருக்கக் கோர்க்கும் ஈயக்குண்டுகளை அள்ளி வந்தார். விரிந்த ஓரத்தில் துணி போட்டு, குண்டு வைத்து, இன்னும் கொஞ்சம் விரித்தோம். வாய்க்காலின் நீலக்கோடு தெரிந்ததும் நான் கத்தியேவிட்டேன்.

“இந்தா பள்ளிவாசல்! இந்தா எங்க வீடு! யா அல்லா, வாய்க்கா வீட்டுக்குப் பின்னாடியில்ல போகுது! நாங்க முன்னாடி தோண்டச் சொல்லிருந்தோமே!”

“நல்லாத் தோண்டிருப்பிய. கடலே வீட்டுக்குள்ள வந்துருக்கும்,” என்றார் அக்கா.

அன்று மாலையே பிரபு ஸ்கேன் செய்து தர, ஒரு பெரிய பிரதியை அலுவலக வெளிச்சுவரில் ஒட்டினோம். தெருவே திரண்டு வந்து விரல் வைத்துப் பார்த்தது.

மறுநாள் வீடுகளுக்குப் பின்னால் இயந்திரம் மண்ணை அள்ளியது. கொஞ்ச நேரத்தில் ‘ணங்’கென்று சத்தம். வாய்க்காலின் பழைய கற்கட்டு!

“நிறுத்துப்பா, நிறுத்து!” என்று கையிலிருந்த பிரதியை ஆட்டிக்கொண்டு அக்கா பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார்.