சுவரோடு வந்த ரொட்டி

ரோஹத் அக்காவைப் பைத்தியம் என்று சொல்பவர்கள் எங்கள் ஷக்ரிசப்ஸ் ஊரில் நிறையப் பேர் உண்டு. பூங்காக் காவலாளி சொல்வான், புதுக் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரி சொல்வாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளோடு சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்தவள் நான், இப்போது அவளோடு சேர்ந்து துடைப்பம் பிடிக்கிறவளும் நான்தான். நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அவள் மகன் ஜஸூர் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிய காலையில், தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு ரொட்டியை அவன் முன்னால் நீட்டினாள். எங்கள் வழக்கப்படி தூரதேசம் போகிறவன் ஒரு வாய் கடித்துவிட்டுப் போகவேண்டும். மிச்சத்தை வீட்டுச் சுவர் ஆணியில் மாட்டிவிடுவோம். திரும்பி வந்து அவனே எடுத்துத் தின்னவேண்டும். அதுவரை அந்த மிச்சம் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறு யாராவது அதைக் கழற்றினால் அவன் வரும் வழி அறுந்துபோகும்.

"நல்லா கடிடா. எறும்பு கடிச்ச மாதிரி கடிக்கிறியே" என்றாள்.

"எல்லாத்தையும் இப்பவே தின்னுட்டா, வந்து திங்க என்னம்மா இருக்கும்?" என்று சிரித்தான்.

அவன் தலையில் அவள் தைத்த பூத்தையல் தொப்பி. எங்கள் ஊரில் தொப்பி தைக்காத பெண் இல்லை. ஒருத்தியின் தையலை இன்னொருத்தி தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவாள். ரோஹத் அக்கா பூவின் நடுவில் ஊதா நூல் வைப்பாள். வேறு யாரும் அப்படி வைப்பதில்லை.

எங்கள் தெரு அரண்மனைக்குப் பின்னால் இருந்தது. அரண்மனை என்றால் வாசல் கோபுரம் இரண்டு, அவையும் பாதி பாதி. என் பலத்தில் சந்தேகம் உள்ளவன் நான் கட்டியதைப் பார்க்கட்டும் என்று அதைக் கட்டிய அரசன் தைமூர் அதில் எழுதி வைத்திருந்தானாம். பின்னால் வந்த கான் ஒருவன் பார்த்தான், இடித்துப் போட்டான். அவனுக்கு முன்னும் பின்னும் இன்னும் எத்தனையோ பேர். ஒவ்வொரு முறையும் எங்கள் சனம் அந்த மண்ணையே குழைத்து மறுபடி சுவர் எழுப்பியிருக்கிறது. அவள் வீட்டுச் சுவரில் யார் யார் அரண்மனை கலந்திருந்ததோ, அல்லாவுக்குத்தான் தெரியும்.

இந்த முறை இடிக்க வந்தவர்கள் குதிரையில் வரவில்லை. அரண்மனை முன்னாலிருக்கும் தைமூர் சிலையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும், வருகிறவர்கள் படம் எடுக்கவேண்டும், புல் போடவேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு. ஊர்ப்பெயருக்குப் 'பச்சை நகரம்' என்றுதானே அர்த்தம்? பெயர் பொருந்த வேண்டுமென்றால் மனிதர்களைக் களையாகப் பிடுங்கத்தானே வேண்டும்!

அதற்குள் ஜஸூரின் போன் அடங்கிப்போயிருந்தது. வெள்ளிதோறும் பேசுகிறவன், ஒரு வெள்ளி பேசவில்லை, பிறகு எந்த வெள்ளியும் பேசவில்லை. தெருவே மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மட்டும் ஆணிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் புருஷன் நோர்முரோத் அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். "ரொட்டியை எடுத்துப் பையில போட்டுட்டு எழுந்திரு!"

"கடிச்சவன் வந்து எடுக்கட்டும்."

"புல்டோசர் வந்து எடுக்கும்டி!"

அவள் அசையவில்லை. அவர் வெளியே போனார். கோடாரியோடும் ரம்பத்தோடும் திரும்பி வந்தார்.

"தள்ளு. ரொட்டியைத் தொடல, ஆணியையும் தொடல. சுவரையே எடுத்துக்கிட்டுப் போயிடுவோம். இப்ப சரியா, ராணியம்மா?"

தெரு ஆண்கள் சேர்ந்து, கோதுமை மூட்டை அளவுக்குச் சுவரை அறுத்தெடுத்தார்கள். கழற்றிய கதவு ஒன்றின் மேல் அதை வைத்து நாலு பேர் தோளில் தூக்கினார்கள். ஆணியில் ரொட்டி ஆடிக்கொண்டே போனது. தெருமுனையில் ஒரு கிழவர் பதறி எழுந்து, "யாருப்பா போயிட்டாங்க?" என்றார்.

"நம்ம தெருதான் பெரியவரே" என்றார் நோர்முரோத் அண்ணன்.

ஊருக்கு வெளியே, மூன்றாவது மாடியில், வெள்ளைச் சுவரை ஒட்டி அந்த மண்கட்டி நின்றது. குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் குழாயின் வெப்பத்தில் அது காய்ந்து உதிர ஆரம்பித்தது. ஆனால் அக்காவை அரித்தது வேறு கவலை.

"மோஹிரா, அவன் வந்தா எந்தக் கதவைத் தட்டுவான்? இந்த விலாசம் அவனுக்குத் தெரியாதேடி."

அதனால்தான் பூங்காவில் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவள் வீட்டு வாசல் இருந்த இடத்தில் இப்போது ஒரு விளக்குக்கம்பம். வெயிலானாலும் பனியானாலும் அந்தக் கம்பத்தைச் சுற்றித்தான் பெருக்குவாள். அவன் வந்தால் தேடி அங்கேதானே வந்து நிற்பான்? வேலை முடிந்ததும் புல்லை விலக்கி ஒரு பிடி மண் எடுத்து சால்வை நுனியில் முடிந்துகொள்வாள். வீட்டுக்குப் போய்க் குழைத்து, உதிர்ந்த இடத்தில் பூசுவாள்.

காவலாளி ஒருநாள் பிடித்துக்கொண்டான். "ஏம்மா, இது அரசாங்க மண்ணு. திருடுறியா?"

"இது என் அடுப்படி மண்ணுடா. உன் புல்லுதான் கேக்காம வந்து முளைச்சிருக்கு" என்றாள். அன்றிலிருந்துதான் அவன் அவளைப் பைத்தியம் என்கிறான்.

சாயங்காலம் வீட்டுப்படி ஏறினால் நோர்முரோத் அண்ணன் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார். "யாராவது வந்தாங்களா?"

"நாளைக்கு வருவான்" என்பாள் அவள்.

போன இலையுதிர் காலத்தில் வந்தான், வேறொருவன். சிலையடியில் ஒரு கல்யாணக் கோஷ்டி படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களைத் தாண்டி ஓர் இளைஞன் எங்களிடம் வந்தான். தலையில் ஒரு தொப்பி, கையில் இன்னொரு தொப்பி.

"அக்கா, முசுக்கொட்டை மரத்துத் தெருன்னு இங்க ஒண்ணு இருந்ததாமே? ஜஸூர்னு ஒருத்தன் வீடு. அவங்க அம்மாவைப் பாக்கணும்."

கையிலிருந்த தொப்பியின் பூ நடுவில் ஊதா நூல். அக்கா அதையே பார்த்தாள். துடைப்பத்தை மட்டும் விடவில்லை.

"எங்கேருந்து வர்றே தம்பி?"

"ரஷ்யாவுலேருந்து. நாங்க ரெண்டு பேரும் ஒரே சாரத்துல நின்னு வேலை பாத்தவங்க. போன குளிர்ல அவன்..."

"அந்தத் தெரு இப்ப இல்ல" என்று வெட்டினாள். "அந்த வீட்டுக்காரங்க எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவன் என்னைப் பார்த்தான். நான் வாயெடுப்பதற்குள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "இவளுக்கும் தெரியாது. இவ வெளியூரு."

பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து இந்த ஊர் மண்ணைத் தின்றவள் நான். வாயை மூடிக்கொண்டேன்.

"இந்தத் தொப்பியை என்னக்கா செய்ய?" என்றான் பாவம், அழாக்குறையாக.

"நீயே வெச்சுக்கோ. குளிர் வருது." பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "சாப்பிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினான். அவள் தன் துணிமூட்டையைப் பிரித்து மதியத்துக்கு வைத்திருந்த ரொட்டியைக் கொடுத்தாள்.

"இங்கேயே நின்னு சாப்பிடு. முழுசா சாப்பிடணும், ஒரு துண்டு மிச்சம் வைக்கக் கூடாது."

அவன் கடைசித் துணுக்கை விழுங்கும்வரை நகராமல் நின்றாள். பிறகுதான் அவனைப் போகவிட்டாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே, அவனுக்காக ஒரு துஆ ஓத வழியில்லாமல் செய்துவிட்டாளே! பஸ்ஸில் வாயைத் திறக்கலாம் என்று திரும்பினேன். சால்வை முடிச்சை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கதவைத் திறந்த நோர்முரோத் அண்ணன் கேட்டார். "யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தன் வழி கேட்டு வந்தான். வேற யாரையோ தேடி."

அவள் மண்கட்டி முன்னால் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தாள். நான் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து பிடித்தேன்.

"சரி விடு" என்றார் அவர். "நாளைக்கு வருவான்."

"ம்" என்று சொல்லி, மண்ணைக் குழைக்கத் தொடங்கினாள்.