பாலத்து அரக்கனாக அம்மா

காபி டம்ளர் வைத்த வட்டக் கறை ஒன்று அந்தச் சீட்டில் இன்னும் இருக்கிறது. பாலத்தின் குறுக்கே தடியோடு நிற்கும் ஓர் அரக்கனின் படம். தடித்த விதிப்புத்தகங்களோடு வந்த ஆட்டங்கள் இப்போது என் அலமாரியில் எத்தனையோ இருக்கின்றன. அம்மா தொட்டது இந்தச் சீட்டுக்கட்டு ஒன்றைத்தான்.

நான்கு வருடங்களுக்கு முன், வேடமேற்று ஆடும் ஆட்டங்களில் எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் மற்ற யாருக்கும் அது என்னவென்றே தெரியாது. அதனால் புதியவர்களுக்கென்றே வந்த ஓர் எளிய சீட்டுக்கட்டை வாங்கி வந்தேன். ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் யார் இருக்கிறாரோ அவராகவே பேச வேண்டும், அவ்வளவுதான். "வீட்டுல சீட்டா?" என்று அம்மா முகம் சுளித்தாள். காசு வைத்து ஆடுவது இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகக் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்தேன்.

உண்மையில் எனக்கு அன்று அண்ணியைப் பற்றித்தான் கவலை. கல்யாணத்துக்காக வேலையை விட்டுவிட்டு வந்தவள். நாவலூரில் அவளுடைய பழைய அலுவலகம் மறுபடி கூப்பிட்டிருந்தது. மறுநாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அண்ணனிடம் போனால் "அம்மாகிட்ட கேளு" என்பான். அம்மாவிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவளுக்காகக் கேட்க எனக்கும் வரவில்லை, வெட்கக்கேடுதான்.

அண்ணிக்குச் சூனியக்காரி வந்தாள், அம்மாவுக்கு அரக்கன். பாலத்தைக் கடக்க வருபவரை மிரட்டி, கையிலிருக்கும் சீட்டுகளைச் சுங்கமாகப் பிடுங்குவது அரக்கனின் வேலை. வந்தவரை நிற்க வைத்துப் பேசி அம்மாவுக்குப் பழக்கமில்லை. எழுந்துபோய்க் காபி கலந்துகொண்டு வந்து சூனியக்காரியின் முன் வைத்தாள்.

"சண்டையே போடலியேம்மா!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"மொதல்ல குடிக்கட்டும்டா," என்ற அம்மா அண்ணியிடம் திரும்பினாள். "எங்கம்மா கெளம்பிட்ட?"

ஆட்டப்படி சூனியக்காரி மந்திர மலைக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். அண்ணி சீட்டையே பார்த்துக்கொண்டு, "நாவலூருக்கு," என்றாள். "அங்க எனக்கு வேலை இருக்கு. வரேனா இல்லியான்னு நாளைக்குள்ள சொல்லணும்."

"கேம்ல நாவலூர்லாம் கெடையாது," என்று சிரித்த அண்ணன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அண்ணி தன் சீட்டுகள் அத்தனையையும் அம்மாவின் பக்கம் தள்ளினாள். அம்மா அவற்றை வாரி எடுத்து அவள் கையிலேயே திணித்தாள்.

"எல்லாத்தையும் குடுத்துட்டு அந்தப் பக்கம் போயி என்ன பண்ணுவ? வெச்சுக்கோ, போ."

சுங்கம் வாங்காமல் வழி விட்டால் அரக்கன் ஆட்டத்திலிருந்து வெளியே. அந்த விதியைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அப்ப நான் தோத்துட்டேனா?"

"ஆமா அத்தை," என்றாள் அண்ணி, அழுதுகொண்டே சிரித்தபடி.

அம்மா அரக்கனைக் கீழே வைத்து, அதன் மேல் காபி டம்ளரை வைத்தாள். "சரி, தெனம் காலைல வேலைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?"